பழைய போர்டு கேம் வாங்கி விற்பது: பெங்களூருத் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் குடியிருக்கிறேன். வார நாட்களில் கணக்கு எழுதும் வேலை. சனி, ஞாயிறுகளில் பிறர் ஆடிச் சலித்த போர்டு கேம்களை வாங்கி, துடைத்து, காய்களை எண்ணி, விற்கிறேன். ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. வேலைக்காக இந்த ஊருக்கு வந்த தம்பி தங்கைகள் "அண்ணா, இதில் காசு பார்க்க முடியுமா?" என்று தொடங்கி அடுத்தடுத்துக் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான்.

போர்டு கேம் என்றால் நாங்கள் சின்ன வயதில் ஆடிய பிசினஸ், பரமபதம் போன்றவையா?

அதே குடும்பம், வேறு கிளை. 1995இல் ஜெர்மனியில் கிளாஸ் டாய்பர் வடிவமைத்த கட்டான் வெளிவந்தது. 19 அறுகோணத் துண்டுகளை ஒவ்வொரு முறையும் வேறு விதமாக அடுக்கி ஒரு தீவை அமைத்துக்கொண்டு, செங்கல்லையும் கம்பளியையும் பேரம் பேசி மாற்றி, ஊர் கட்டும் ஆட்டம் அது. அந்த ஆண்டின் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ என்ற ஜெர்மன் விருது அதற்குத்தான் கிடைத்தது. அதன் பின் கார்கசோன் (2000), டிக்கெட் டு ரைடு (2004), அசூல் (2017), பறவைகளை வைத்து எலிசபெத் ஹார்கிரேவ் வடிவமைத்த விங்ஸ்பான் (2019) என்று வரிசையாக வந்தன.

இவற்றுக்குப் பழைய சந்தை உருவானதன் காரணம் எளிது. விலை ஆயிரக்கணக்கில். பல பெட்டிகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. சரக்கு தீர்ந்தால் அடுத்த சுற்று எப்போது என்று கடைக்காரருக்கே தெரியாது. அத்துடன், நூறு முறை ஆடினாலும் ஆட்டம் தேய்வதில்லை. பெட்டியின் மூலைதான் தேய்கிறது.

உண்மையாகவே லாபம் வருமா?

வரும். ஆனால் நீங்கள் மனத்தில் நினைத்திருக்கும் லாபம் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் புதிதாக 4,000 ரூபாய் விற்கும் பெட்டி. காய் குறையாமல், மூலை நசுங்காமல் இருந்தால் 2,700க்குப் போகிறது என்று வையுங்கள். அதை நான் 1,800க்குமேல் வாங்கக்கூடாது. வித்தியாசம் 900. போய்வர 140, கட்டும் பொருளுக்கு 60 கழித்தால் 700. பரவாயில்லையே என்று தோன்றும். இனி நேரத்தைச் சேருங்கள். வாங்கப் போய்வர இரண்டு மணி நேரம். பெங்களூருப் போக்குவரத்தில் அது குறைத்துச் சொன்ன கணக்கு. எண்ணிச் சரிபார்க்க ஒரு மணி நேரம். "இன்னொரு படம் அனுப்புங்கள்", "கடைசி விலை என்ன?" என்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு மணி நேரம். ஆக, மணிக்கு 175 ரூபாய்.

மாதம் பத்துப் பெட்டி கைமாறினால் 7,000. இந்த ஊரில் அது வீட்டு வாடகைக்குப் பக்கத்தில்கூட வராது. நான் இதைத் தொடர்வது, எண்ணுவது எனக்குப் பிடித்திருப்பதாலும் நான் ஆடும் பெட்டிகளுக்குச் சொந்தக் காசு போடவேண்டியதில்லை என்பதாலும்தான். சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு தம்பி சொன்னபோது, தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

முதல் எவ்வளவு வேண்டும்?

பத்தாயிரம் போதும். அதற்கும் முன்னால் உங்கள் அலமாரியில் தூங்கும் இரண்டு பெட்டிகளை விற்றுப் பாருங்கள். அதிலேயே சலித்துவிட்டால் பத்தாயிரம் மிச்சம்.

சரக்கு எங்கே கிடைக்கும்?

மாதக் கடைசியில், வீடு காலி செய்பவர்களிடம். இந்த ஊரின் இயல்பு அது. டொராண்டோவுக்கோ பெர்லினுக்கோ போகிறவர், கோயம்புத்தூருக்கே திரும்பிவிடுகிறவர், குழந்தை பிறந்து அறை தேவைப்படுகிறவர். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாப்பூர் சாலை, எச்எஸ்ஆர் லேஅவுட் பக்கத்து அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சோபா, பிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி என்ற பட்டியலின் அடியில் ‘போர்டு கேம்ஸ், 14 எண்ணம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்காகத்தான் காத்திருக்க வேண்டும். 28ஆம் தேதி விற்கிறவருக்கு 31ஆம் தேதி லாரி வருகிறது. மொத்தமாக எடுத்துக்கொள்கிறவரைத்தான் அவருக்குப் பிடிக்கும். பதினான்கில் நான்கு பெட்டி பயனில்லாமல் போனாலும் மொத்த விலையில் அது அடங்கிவிடும்.

கோரமங்களா, இந்திராநகர் காபிக் கடைகளில் வார இறுதியில் கூடி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். போய் ஆடுங்கள். ஆடும் மேசையில் வியாபாரப் பேச்சை எடுக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அவர்களே கூப்பிடுவார்கள்.

தின்றுகொண்டே ஆடும் கேம் கஃபேக்கள் மூடப்படும்போது வரும் சரக்கு கவர்ச்சியாகத் தெரியும். ஒவ்வொரு சீட்டிலும் உருளைக்கிழங்கு வறுவலின் எண்ணெய் இருக்கும். பாதி விலைக்கும் கீழே கேளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சர்ச் தெருப் பழைய புத்தகக் கடைகளிலும் அவென்யூ சாலையிலும் இதைத் தேடி அலைய வேண்டாம். அங்கே போனால் புத்தகம் வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள், நான் திரும்புவதுபோல.

கன்னடம் நாலு வார்த்தையாவது பேசுங்கள். "ஸ்வல்ப கம்மி மாடி" (கொஞ்சம் குறையுங்கள்) என்று சிரித்துக்கொண்டு கேட்டால், ஆங்கிலத்தில் அரை மணி நேரம் வாதாடியும் குறையாத இருநூறு ரூபாய் குறையும்.

விலையை எப்படி முடிவு செய்வது?

முதலில் அதே பதிப்பு இன்று இந்தியக் கடையில் புதிதாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று பார்க்க வேண்டும். கிடைக்கிறது என்றால் அதில் அறுபது, எழுபது சதவீதம்தான் பழைய பெட்டியின் உச்சவரம்பு. கிடைக்கவில்லை என்றால் விலை உங்கள் கையில் இருப்பதாகத் தோன்றும். ஏமாற வேண்டாம், மறுபதிப்பு என்று ஒன்று இருக்கிறது.

பெரிய ஆட்டங்களையே பாருங்கள். 2017இல் வந்த குளூம்ஹேவன், ஆடுகிறவர்கள் மதிப்பெண் போடும் போர்டுகேம்கீக் தளத்தின் தரவரிசையில் ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. பெட்டி ஏறத்தாழ 10 கிலோ. அதை விலைமதிப்பற்ற சொத்தாக நினைத்துப் பூட்டிவைத்தவர்கள் உண்டு. 2020இல் அதன் சிறிய, மலிவான வடிவம் வந்தது. 2023இல் முதலிடம் ‘பிராஸ்: பர்மிங்காம்’ என்ற வேறொரு ஆட்டத்துக்குப் போனது. பிறகு குளூம்ஹேவனின் திருத்திய இரண்டாம் பதிப்பும் வந்தது. பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வாங்க இப்போது யாரும் அவசரப்படுவதில்லை.

நானும் பட்டிருக்கிறேன். எங்கும் கிடைக்காத ஒரு பெட்டி என்று 5,200 கொடுத்து வாங்கி, கொலுப் பொம்மை மாதிரி மேல்தட்டில் வைத்தேன். மூன்றே வாரத்தில் ஒரு கடை அதன் மறுபதிப்புக்கு முன்பதிவு தொடங்கியது. 4,100க்குத் தள்ளிவிட்டேன். அதிலிருந்து, எந்தப் பெட்டியையும் இரண்டு மாதத்துக்குமேல் வைத்திருப்பதில்லை.

வரி மாறினாலும் அடிதான். 2025 செப்டம்பர் 22 முதல் போர்டு கேம்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. ஆடுகிறவர்களுக்கு மகிழ்ச்சி. பழைய விலையை வைத்துக் கணக்குப் போட்டு வாங்கியிருந்த எனக்கு, அந்த மாதம் நான்கு பெட்டிகளில் லாபமே இல்லை.

டாலர் விலையைப் பெருக்கிப் பார்த்து "அமெரிக்காவில் இது எட்டாயிரம்" என்பவர்களிடம், அமெரிக்காவிலேயே விற்கச் சொல்லுங்கள்.

எவை வேகமாக விற்கும், எவை தேங்கும்?

இரண்டு முதல் நான்கு பேர், ஒரு மணி நேரம், பொங்கலுக்கு ஊருக்குக் கொண்டுபோனால் சித்தி மகனுக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்: இப்படிப்பட்ட பெட்டி ஒரு வாரம் தங்காது. அசூல், கார்கசோன், டிக்கெட் டு ரைடு மூன்றும் இந்த வகை. புதுமணத் தம்பதிகள் 7 வொண்டர்ஸ் டூயல் கேட்கிறார்கள்; இருவர் மட்டும் ஆடுவது.

நான்கு மணி நேரம் ஓடும் போர் ஆட்டங்கள், குட்டிச் சிலைகள் நிறைந்த ராட்சதப் பெட்டிகள் தேங்கும். லாபம் பெட்டிக்கு இரண்டாயிரம் கிடைக்கலாம். வாங்குபவர் வருவதற்குள் கட்டிலுக்கு அடியில் இடமே இருக்காது.

லெகஸி வகையைத் தொடாதீர்கள். 2015இல் வந்த பாண்டமிக் லெகஸி போன்றவற்றில் ஆடும்போதே வரைபடத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், சீட்டுகளைக் கிழிக்க வேண்டும். பிரிக்காத பெட்டி என்றால் மட்டும் வாங்கலாம். "இரண்டே ஆட்டம்தான் ஆடினோம்" என்றால், கடித்த பழம்.

டிக்கெட் டு ரைடில் பிரிட்டிஷ் காலத்து இந்திய ரயில் வரைபடத்துடன் ஒரு பெட்டி உண்டு. அட்டையில் இந்தியா என்று பார்த்ததும் ஆசையாக வாங்கிவிடுவார்கள். அது விரிவாக்கம் மட்டுமே. ரயில் காய்கள் உள்ளே இருக்காது, மூலப் பெட்டி இல்லாமல் ஆட முடியாது. விற்கும்போது இதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். நான் கடைசி வரியில் எழுதியதால் ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கினேன். நியாயமான திட்டு.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

எண்ண வேண்டும். "எல்லாம் இருக்கிறது" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை, அவர் எண்ணியதே இல்லை என்பதுதான் உண்மை. விதிப்புத்தகத்தின் முதல் பக்கங்களில் பெட்டியில் இருக்க வேண்டியவற்றின் பட்டியல் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு விற்பவரின் வீட்டிலேயே எண்ணுங்கள். கூச்சமாக இருந்தால் முக்கியமானதை மட்டுமாவது. அசூலில் ஐந்து நிறங்களில் நிறத்துக்கு 20 என்று 100 ஓடுகள். கட்டானில் 95 வளச் சீட்டுகள். விங்ஸ்பானில் 170 பறவைச் சீட்டுகள், 75 முட்டைகள், 5 பகடைகள். அந்த முட்டைகள் பார்ப்பதற்கு மிட்டாய் மாதிரி இருக்கும். குழந்தை உள்ள வீடு என்றால் இரண்டு முறை எண்ணுங்கள்.

டிக்கெட் டு ரைடில் ஒவ்வொரு நிறத்துக்கும் 45 ரயில்கள், உபரியாக 3. ஒன்றிரண்டு காணாமல் போயிருந்தாலும் ஆட்டம் கெடாது; தயாரித்தவர்களுக்கே நம் வீட்டு நிலவரம் தெரிந்திருக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவது தண்டனை. சமையலறை டிஜிட்டல் தராசில் பத்து ரயிலை நிறுத்துப் பாருங்கள். பிறகு மொத்தத்தையும் நிறுத்து வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். சந்தேகம் வந்த நிறத்தை மட்டும் கையால் எண்ணினால் போதும்.

அடுத்தது மூக்கு. பெட்டியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். ஈர வாடை அடித்தால் எவ்வளவு வெயிலில் வைத்தாலும் போகாது. சிகரெட் வாடையும் அப்படித்தான். சீட்டு ஓரங்களில் அரித்ததுபோல் மெல்லிய தடம் தெரிந்தால் அது ராமபாணப் பூச்சி. அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்றப் பெட்டிகளையும் அது படித்துவிடும்.

சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரே ஒரு சீட்டில் மடிப்போ பேனாக் கோடோ இருந்தால் அது குறியிட்ட சீட்டு. ஆட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட சீட்டுகள் என்றால் இருநூறு முந்நூறு கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஜே.பி. நகரில் ஒரு பெட்டி வாங்கினேன். ஒரு ஓடு குறைவு, அதைச் சொல்லியே விலை குறைத்து விற்றேன். ஐந்து மாதம் கழித்து அந்த வீட்டு அம்மா அழைத்தார். மகனின் ஜியாமெட்ரி பெட்டிக்குள் இருந்ததாம். வாங்கியவருக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் வேறு யாரிடமும் வாங்குவதில்லை.

குறைந்த காய்க்கு என்ன செய்வது?

மரக் கனசதுரம், பொதுவான பகடை போன்றவற்றை உதிரியாக வாங்கலாம். சீட்டுக்கு மாற்று கிடையாது. சேதமான பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் உதிரிக்காக வைத்திருங்கள். எப்படி நிரப்பியிருந்தாலும் விளம்பரத்தில் சொல்லிவிடுங்கள்.

போலியை எப்படி அடையாளம் காண்பது?

கட்டான், அசூல் போன்ற பிரபலமான ஆட்டங்களுக்குப் போலிகள் தாராளமாகப் புழங்குகின்றன. விற்பவருக்கே தெரியாமல் இருக்கும். இணையத்தில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியிருப்பார். எழுத்தின் விளிம்பு மங்கலாக இருக்கும். சீட்டு வழவழவென்று, வளைத்தால் மடிப்பு விழும். அட்டைத் துண்டுகள் மெலிந்திருக்கும், வெட்டு படத்தின் மேல் ஏறியிருக்கும். விதிப்புத்தகம் நகலெடுத்த தாள் மாதிரி இருக்கும், பெட்டியில் வெளியீட்டாளரின் பெயரோ முகவரியோ இருக்காது. அசலை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இந்தப் பட்டியல் தேவையில்லை.

தெரிந்தே போலியை விற்பது சட்டப்படி குற்றம். ‘போலி’ என்று எழுதி விற்றாலும் குற்றம் குற்றம்தான்.

விற்றதை எப்படிக் கொண்டு சேர்ப்பது?

நகருக்குள் என்றால் மெட்ரோ நிலைய வாசல். நான் அல்சூர் நிலையத்திலோ எம்.ஜி. சாலையிலோ சந்திக்கிறேன், ஒயிட்ஃபீல்டிலிருந்தும் மெஜஸ்டிக்கிலிருந்தும் ஒரே ஊதாப் பாதையில் வந்துவிடலாம். வாங்குபவர் அங்கேயே திறந்து பார்க்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

வெளியூர் என்றால் கூரியர் கட்டணம் கழுத்தைப் பிடிக்கும். எடைக்கு மட்டுமல்ல, பெட்டி அடைக்கும் இடத்துக்கும் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. ஒன்றரைக் கிலோ எடையுள்ள 30 செ.மீ. சதுரப் பெட்டியை, சுற்றிலும் காற்றுக்குமிழித் தாள் வைத்து 35 × 35 × 12 அளவு அட்டைப்பெட்டியில் வைத்தால் 14,700. வகுத்தால் ஏறக்குறைய 3 கிலோ. அதாவது இரண்டு மடங்கு. இதைப் பார்க்காமல் "அனுப்பும் செலவு என்னுடையது" என்று வாய்விட்டவர்கள் லாபத்தைக் கூரியர்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள். சென்னைக்கோ மதுரைக்கோ என்றால் தனியார் பஸ் பார்சல் மலிவு. போய் எடுத்துக்கொள்ள அவர் தயாராக இருக்க வேண்டும்.

மூலைகளுக்குத் தனியாக அட்டை மடித்து வையுங்கள். உள்ளே காய்கள் குலுங்காதபடி பழைய செய்தித்தாளைத் திணித்துவிடுங்கள்.

பண மோசடி?

உண்டு. விலையே பேசாமல் "உடனே எடுத்துக்கொள்கிறேன், இந்தக் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்யுங்கள், பணம் வந்துவிடும்" என்பவர் திருடர். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணைப் போடவேண்டிய அவசியம் ஒருபோதும் இல்லை. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

வரி கட்ட வேண்டுமா?

வீட்டில் ஆடிய பெட்டியை விற்பது வியாபாரம் ஆகாது. விற்பதற்காகவே வாங்கினால் அது வியாபாரம், அந்த வருமானத்தைக் கணக்கில் காட்ட வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவுக்குப் பொருள் விற்பனையில் ஆண்டு வரம்பு 40 லட்சம். நம் அளவுக்கு அது வானம். ஆனால் ஒரு முள் உண்டு: வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்கும் வியாபாரிக்கு அந்த வரம்பு பொருந்தாது, பதிவு கட்டாயம். சென்னைக்கு அனுப்புவதும் ஓசூருக்கு அனுப்புவதும் இதில் அடங்கும். பதிவு செய்துகொண்டால் பழைய பொருளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரியை) திரும்பக் கேட்காதவர், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். 2025 ஜூலையில் யுபிஐ வரவைப் பார்த்து இந்த ஊர்ச் சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியதும், பல கடைகளில் ‘ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்கியதும் நினைவிருக்கும். நோட்டுப் புத்தகத்தில் தேதி, பெட்டி, வாங்கிய விலை, விற்ற விலை என நான்கு பத்தி போட்டு எழுதிவாருங்கள். பெரிதாகிறது என்று தோன்றினால் ஆடிட்டரைப் பாருங்கள். நான் ஆடிட்டர் அல்ல.

எங்கே வைப்பது?

தரையில் வைக்காதீர்கள், வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஐகியாவின் கல்லாக்ஸ் அலமாரியின் ஒவ்வொரு கட்டமும் 33 செ.மீ.; சதுரப் பெட்டிகள் அதில் அளவெடுத்ததுபோல் உட்காரும். ஐகியா கடை இருக்கும் நாகசந்திராவுக்கு மெட்ரோவில் போகலாம், அலமாரியோடு திரும்ப முடியாது.

விவரம் தெரியாதவரிடம் மலிவாக வாங்குவது சரியா?

இதை யாரும் அதிகம் கேட்பதில்லை. பசவனகுடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வெளிநாடு போன மகனின் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். "கிலோ என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" என்று கேட்டார். பழைய பேப்பர்க்காரர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மொத்தம் 22 பெட்டி. அதில் மூன்று நல்ல விலை போகும். அவர் கேட்ட விலைக்கே எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

"அம்மா, மகனிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்" என்றேன். பேசினார். மகன் இரண்டைத் தனக்கு வைத்துக்கொள்ளச் சொன்னான், மற்றதற்கு நான் சொன்ன நியாயமான விலையை ஏற்றான். அந்தச் சரக்கில் எனக்கு வந்தது குறைவுதான். அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. அந்தத் தெரு வழியாக இன்றும் வண்டியை விடுவதில்லை.

என்னிடம் இருபது வருடப் பழைய மோனோபொலி இருக்கிறது. என்ன கொடுப்பீர்கள்?

தேநீர் கொடுப்பேன். பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.